பிரைட்டன் கொடுத்த டைரக்ட்

ஓடாமல் நிற்கும் ஒரு பொருள் கெட்டுப்போய் நிற்கிறதா, நம்மைக் காப்பதற்காக நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முத்தையாபுரத்து பிரைட்டனின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. பிரைட்டன் அதைக் கேட்டவனில்லை. உட்கார்ந்து யோசிக்கிற ஆளும் இல்லை. நின்றுபோன மெஷினை ஓட வைப்பது அவன் பிழைப்பு. ஓடிவிட்டால் கருவிப் பையை மூடிவிடுவான்.

பிறந்தது நாசரேத்தில். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு தோஹாவுக்குப் போனான். அங்கே ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் ஏழு வருஷம், துணி உலர்த்தும் டிரையர்களோடு மட்டுமே வாழ்ந்தான். திரும்பி வந்து முத்தையாபுரத்தில் வீடு எடுத்து, வீட்டு டிரையர் பழுது பார்க்கிறேன் என்று பலகை மாட்டியபோது தெருவே சிரித்தது.

"ஏலே பிரைட்டா, சூரியன் சும்மா காயப் போட்டுக் குடுக்கு இந்த ஊர்ல. நீ உப்பளத்துக்காரன்ட்டயே உப்பு விக்க வந்திருக்க பாரு" என்றார் எதிர்க் கடை அண்ணாச்சி.

ஆனால் அண்ணாச்சி கணக்கில் எடுக்காமல் விட்டது காற்றை. துறைமுகத்தில் நிலக்கரி குவிந்து கிடக்கும் பக்கமிருந்து அது திரும்பி அடிக்கும் நாட்களில் மாடியில் காயும் வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிவிடும். கையால் தட்டினால் கரி இன்னும் உள்ளே இறங்கும். அதனால் வசதி இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக டிரையர் வாங்கின. ஐந்தாறு வருஷத்தில் பிரைட்டனின் குறிப்பேட்டில் நாற்பது வீடுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. மெஷின் கிளம்பவில்லை என்று வரும் அழைப்புகளில் பாதிக்கு அவன் திருப்புளியைத் தொடவே வேண்டியிருக்காது. கதவு சரியாக மூடியிருக்காது, பிளக் தளர்ந்திருக்கும், சின்னப் பிள்ளைகள் தொட்டுவிடாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டுப் பொத்தானை யாராவது தெரியாமல் அமுக்கியிருப்பார்கள். 'பிளக்கு டாக்டர்' என்று ஒரு பெயரே விழுந்துவிட்டது. அவனும் அதை மறுத்ததில்லை.

மீதிப் பாதியில் பெரும்பாலும் ஃபியூஸ். டிரையரின் முதுகுத் தகட்டைக் கழற்றினால் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். உள்ளே சூடு மிஞ்சினால் அது தன்னை அறுத்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் மெஷின் அசையாது. புதிய துண்டு சென்னையிலிருந்து கூரியரில் வரப் பத்து நாள் ஆகும். பத்து நாள் யார் பொறுப்பார்கள்? ஆகவே அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவது. இதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பெயர். மோட்டாரோ ஃபிரிட்ஜோ, அந்தப் பக்கத்தில் டைரக்ட் கொடுக்காத மெக்கானிக் கிடையாது. "பார்ட் வந்ததும் மாத்திக்கிடுவோம்" என்று அவன் சொல்வான், "ஆட்டும்" என்று வீட்டுக்காரர் சொல்வார். மெஷின் ஓடும். ஓடுகிற மெஷினுக்காக யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. கூரியரில் வந்த ஃபியூஸ்கள் அவன் வீட்டு மேசை இழுப்பறையில் பிரிக்காமலே கிடந்தன.

தங்கை ஜெபசுதாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் கணவன் ரெக்சன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதி அலுவலகமொன்றில் வேலை பார்த்தான். ரெக்சனின் அப்பா சுந்தரராஜ் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எண்பத்தோரு வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர் எழவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை விரிப்பு மாற்ற வேண்டும். மாடியில் காயப்போட்ட விரிப்பில் ஒட்டியிருந்த பொடிக்கரி அவர் முதுகை அறுத்தது. புண் வந்தது. அந்தப் புண்ணுக்காகத்தான் டிரையர் வாங்கினார்கள். வாத்தியாரின் அறைக்கு ஒட்டினாற்போல இருந்த சின்னத் தாழ்வாரத்தில் அதை வைத்தார்கள். சுவரில் துளை போட்டு, சூட்டுக் காற்று வெளியே போக ஒரு குழாயும் மாட்டியாயிற்று. மூன்று மாதத்தில் முதுகுப் புண் ஆறத் தொடங்கியது.

டிசம்பர் முதல் வாரம் விடாத மழை. ஒருநாள் காலை ஜெபசுதா போன் செய்தாள்.

"அண்ணே, மெஷின் கெளம்ப மாட்டேங்கு. நாலு விரிப்பு ஈரமாக் கெடக்கு. மாமாவுக்குப் போட ஒண்ணுமில்ல."

"கதவ நல்லாச் சாத்துனியா?"

"பிளக்கும் பாத்தாச்சு, கதவும் சாத்தியாச்சு. நானும் ஒன் தங்கச்சிதான?"

அவன் போய்ச் சேர்ந்தபோது வாத்தியார் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகுக்குக் கீழே பழைய கைலி ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்கள்.

"வாங்க டாக்டர். நோயாளி பக்கத்து ரூம்ல. நானில்ல" என்றார்.

"ஒங்களையும் பாத்துட்டுத்தான் போவேன் மாமா."

"எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்காது. கம்பெனியே மூடியாச்சு."

பிரைட்டன் முதுகுத் தகட்டைக் கழற்றி மீட்டரின் இரண்டு முனைகளையும் ஃபியூஸில் வைத்தான். மீட்டர் கூவவில்லை; ஃபியூஸ் உள்ளே அறுந்திருந்தது. அவ்வளவுதான் பழுது. தோஹாவில் அவனுடைய மேலாளர் ஒருவர், ஃபியூஸ் போனால் அதை மாற்றும் முன் அது ஏன் போனது என்று பார் என்பார். அங்கே பார்ப்பான். குழாயைக் கழற்றித் துணியிலிருந்து உதிர்ந்து சேர்ந்த பஞ்சை எடுத்து, அதன் வெளிவாய் திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் புதியதை மாட்டுவான். இங்கே வெளிவாயைப் பார்க்க வேண்டுமென்றால் மழையில் வீட்டைச் சுற்றிப் பின்பக்கச் சந்துக்குப் போக வேண்டும். சந்தில் முழங்கால் தண்ணீர்.

"என்னண்ணே, ஆயிருமா?"

"ஃபியூஸ் போயிருக்கு. ஆர்டர் போடுதேன். இப்பத்திக்கு டைரக்ட் குடுத்துருதேன்."

"ஒண்ணும் செய்யாதுல்லா?"

"இருவது வீட்டுல இப்படித்தான் ஓடுதுளா. ஒன் வீட்டுல மட்டும் என்ன செஞ்சிரும்?"

பொத்தானை அமுக்கியதும் உருளை சுற்றியது. ஈர விரிப்புகள் தொப்புத் தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டதும் வாத்தியார் உள்ளேயிருந்து கை தட்டினார். ஜெபசுதா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு பிரைட்டன் மழையோடு கிளம்பினான்.

ஒன்பது நாள் அது ஓடியது. பத்தாவது நாள் மத்தியானம், விரிப்புகளை உள்ளே போட்டு அரை மணி நேரத்துக்கு வைத்துவிட்டு, புண்ணுக்குத் தடவும் களிம்பு தீர்ந்துபோனதால் ஜெபசுதா மருந்துக்கடைக்குப் போனாள். ரெக்சன் அலுவலகத்தில். மகள் ஜெமிமா பள்ளிக்கூடத்தில். மருந்துக்கடையில் கூட்டம். திரும்பித் தெருமுனைக்கு வந்தபோது வீட்டுக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். தீ தாழ்வாரத்தைத் தாண்டவில்லை. புகைதான் அடுத்த அறைக்கு, வாத்தியாரிடம் போயிருந்தது. எழுந்து கதவைச் சாத்த முடியாத மனிதர் அவர்.

தீயணைப்பு வண்டி போன பிறகு பிரைட்டன் பின்பக்கச் சந்துக்குப் போனான். மழை நின்று ஒரு வாரமாகியிருந்தது. சந்து காய்ந்து கிடந்தது. சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் ஒரு துணிப்பையைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பை பாதி எரிந்திருந்தது. மிச்சப் பாதியின் வெளிப்புறம் கரி அப்பியிருந்தது, உட்புறத்தில் பஞ்சு கெட்டியாக அடைத்திருந்தது. வெளியிலிருந்து கரித்தூசி குழாய் வழியாக உள்ளே வந்து விரிப்பில் படியக் கூடாதென்று யாரோ கட்டியது. வாத்தியாரின் முதுகுக்காகக் கட்டியது. அந்தப் பையால் சூடு வெளியேற வழியில்லாமல் போய், ஃபியூஸ் தன்னை அறுத்துக்கொண்டு மெஷினை நிறுத்தியிருக்கிறது. அது நிறுத்தியதை இவன் ஓட வைத்திருக்கிறான். பையைச் சணலோடு பிய்த்து எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

வாத்தியாரின் அடக்கம் நாசரேத்தில் நடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் ரெக்சனின் அத்தை ஒருத்தி, ஜெபசுதாவின் காதில் விழும்படியே சொன்னாள்.

"மெஷின ஓட விட்டுட்டு ஊர் சுத்தப் போனா வேற என்ன ஆவும்? படுத்துக் கெடந்த மனுசன்."

ரெக்சன் திரும்பிப் பார்க்காமல் முன்னே போனான். ஜெபசுதா தலையைக் குனிந்து நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அரை மணி நேரம்னுதான் வச்சேன். கடையில கூட்டம். பேசாம வந்திருக்கலாம், களிம்பு சாயங்காலம் வாங்கிருக்கலாம்." மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள். "மெஷின்ல ஏதும் இருந்துச்சா? நீ பாத்தல்லா?"

"கரண்டுச் சாமான்ல அப்பப்ப இப்படி ஆயிரும் சுதா."

"அப்போ நான் வீட்டுல இருந்திருந்தா அணைச்சிருப்பேன்."

பிரைட்டன் பதில் சொல்லவில்லை. அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், ஆர்டர் போட்டிருந்த ஃபியூஸ் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் இழுப்பறையிலிருந்த ஃபியூஸ்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, குறிப்பேட்டைப் பார்த்து வீடு வீடாகப் போக ஆரம்பித்தான். டைரக்ட் கொடுத்திருந்தது இருபத்துமூன்று வீடுகளில். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, அவனுக்காகக் காத்திருக்கவும் இல்லை.

"நல்லா ஓடுத மெஷின ஏன் தம்பி நோண்டுதிய?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"ஒரு பார்ட் மாத்தணும். காசு வேண்டாம்."

"காசு வேண்டாம்னாத்தான் பயமா இருக்கு."

வெளிக்குழாயைப் போய்ப் பார்த்தான். ஆறு வீடுகளில் துணியோ வலையோ கட்டியிருந்தார்கள். தூசி வருகிறது, எலி வருகிறது என்றார்கள். அவிழ்த்து எறிந்தான். இரண்டு வீடுகளில் மறுபடி கட்டினார்கள். அந்த இரண்டிலும் புதிய ஃபியூஸ் ஒரு மாதத்தில் அறுந்தது. ஒருவர் போனில் கத்தினார்.

"நீ வந்து கை வச்ச பெறவுதாம்லே நிக்கி! மூணு வருசம் ஒரு கொறையுமில்லாம ஓடுச்சு. ஒழுங்கா வந்து பழையபடி டைரக்ட் குடு."

"குடுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"அப்போ ஒனக்கு வேல தெரியாதுன்னு சொல்லு."

"தெரியாதுன்னே வச்சிக்கிடுங்க."

அவர் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டார். இன்னும் சிலரும் அப்படியே செய்தார்கள். பிளக்கு டாக்டர் பைத்தியமாகிவிட்டான் என்று கடைத்தெருவில் பேச்சு. அவனுடைய மனைவி விஜிலா நடுநிலைப் பள்ளி ஆசிரியை. அதிகம் பேசாதவள். அலமாரியில் துணிகளுக்கு அடியில் பாதி எரிந்த பையைக் கண்டெடுத்த அன்று, அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"இருவத்துமூணு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கிய. போவ வேண்டிய ஒரு வீட்டுக்குப் போவலியே."

அவனுக்கு அது தெரியாததல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெபசுதா வெளியே வரும்போது, மற்ற பெண்கள் அவளிடமிருந்து சற்று விலகி நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ரெக்சன் வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை என்று ஜெமிமா சொல்லியிருந்தாள். ஜெபசுதா மெலிந்துகொண்டே வந்தாள். அடுப்பில் பால் வைத்தால் பொங்கி அணைத்து முடியும்வரை இடத்தை விட்டு நகர்வதில்லை. போகலாம் என்று நினைத்த ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டிய வாக்கியத்தில் அவனுக்கு ஒரு சொல் கூடிப்போனது. முதலில் 'நான் டைரக்ட் கொடுத்ததுதான் காரணம்' என்பதாக இருந்தது. பிறகு 'இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்' என்பதும் சேர்ந்துகொண்டது. மாதங்கள் போகப் போக இரண்டாவது பகுதிதான் கனமானது.

வாத்தியாரின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் ரெக்சன் புதிதாக வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீட்டில் நடந்தது. போதகர் ஜெபித்துவிட்டுப் போனார். ரெக்சனின் நாசரேத்து உறவினர்கள் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரைட்டன் அடுக்களைக்குப் போனான். ஜெபசுதா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான். டைரக்ட், சந்துக்குப் போகாதது, பை, எல்லாவற்றையும். அவள் கரண்டியை வைத்தாள்.

"அந்தப் பையக் கட்டுனது நாந்தான்" என்றாள்.

"நீ கட்டுனது தப்பில்ல சுதா. நான் போய்ப் பாத்திருக்கணும். நீ வீட்டுல இருந்திருந்தாலும் அது பத்தியிருக்கும்."

"ஒரு வருசம் அண்ணே." அவள் குரல் உயரவில்லை. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பாத்த. என் தட்டுல சோறு போட்டு, சாப்புடுளான்னு சொன்ன. அப்பவும் ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ டைரக்ட் குடுத்தத நான் மன்னிச்சிருவேன். ஊரே குடுக்குது." ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். "இதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. நீ போ."

அன்றைக்கே முன்னறையில் இருந்த எல்லோரிடமும் பிரைட்டன் அதைச் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அந்த அத்தை மட்டும் எழாமல், "அப்போ இவள நாம சும்மாத்தான் ஏசுனோமா?" என்று யாரையோ கேட்டாள். ரெக்சன் அவனைக் கன்னத்தில் அறைந்தான். பிரைட்டன் படியிறங்கினான்.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஏறக்குறைய இரண்டு வருஷம் பேசவில்லை. ஆலயத்தில் அவள் இவன் உட்காரும் பக்கத்தை விட்டு இடப்பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தாள். ஜெமிமா மட்டும் பிறந்தநாளுக்கு மாமாவுக்குப் போன் செய்வாள். ரெக்சன் மனைவியோடு பழையபடி பேசத் தொடங்கிவிட்டான் என்று அவள் மூலம் தெரிந்தது. பிரைட்டனுக்கு அது போதுமாக இருந்தது என்று விஜிலா நினைத்தாள். அவனாகச் சொன்னதல்ல. வேலை குறைந்திருந்தது. வருகிற வேலைக்கு முதலில் வீட்டுக்கு வெளியே போய்க் குழாயைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான்.

வாத்தியார் இறந்த மூன்றாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஜெமிமா போன் செய்தாள்.

"மாமா, இங்க வீட்டுக்காரங்க விட்டுட்டுப் போன டிரையர் ஒண்ணு இருக்கு. ஸ்டார்ட் ஆவல. அம்மா ஒங்களக் கூப்பிடச் சொன்னாங்க."

"அம்மாவா சொன்னா?"

"அம்மாதான். 'ஒன் மாமா வந்து பாக்கட்டும், வேற யாரும் வேண்டாம்'னு சொன்னாங்க."

விஜிலா அவனுடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவன் மறுக்காமல் போட்டுக்கொண்டான்.

மாடி வீட்டின் பின்பக்கம் போய் முதலில் குழாயைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அதன் வாயில் எதுவும் கட்டியிருக்கவில்லை. மேலே போனான். ஜெபசுதா கதவைத் திறந்து வழிவிட்டாள். தலையில் நரை தெரிந்தது. பால்கனிக்குப் போகும் வழியில் டிரையர் இருந்தது. அதை இரண்டு வருஷமாக மூடியிருந்த பெட்ஷீட்டை மடித்து மேலே வைத்திருந்தார்கள். உருளைக்குள் தலையணை உறைகள் இரண்டு, ஈரமாக.

அவன் பிளக்கைச் சொருகினான். பலகையில் சின்னப் பூட்டுப் படம் ஒன்று சிவப்பாக எரிந்தது. பிள்ளைப் பூட்டு. அதற்கு நேர் மேலே, வீட்டுக்காரர் ஒரு காகிதத்தில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்: 'சிவப்பு விளக்கு எரிந்தால் இந்தப் பொத்தானை மூன்று நொடி அமுக்கவும்.' எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தது. காகிதத்தின் மேல் தூசி இல்லை. யாரோ அண்மையில் துடைத்திருந்தார்கள்; துடைத்தவருக்கு மெக்கானிக் தேவையில்லை.

பிரைட்டன் அதை ஒருமுறை படித்தான். திரும்பிப் பார்த்தான். ஜெபசுதா டீ டம்ளரோடு நின்றாள்.

"சீனி கம்மியாத்தான் போட்டிருக்கு" என்றாள்.

அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் மெஷினைப் பார்த்தபடி நின்றார்கள். அவள் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"என்னண்ணே, ஆயிருமா?"

அவன் டீயை நின்றபடியே கடைசி மடக்கு வரை குடித்தான். டம்ளரை அவள் கையிலேயே கொடுத்தான். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது. ஒயரை ஒழுங்காகச் சுருட்டி மெஷினின் மேல் வைத்தான்.

"இதுக்கும் டைரக்ட் குடுக்க என்னால ஆவாது சுதா. வேற ஆளக் கூப்பிட்டுக்கோ."

கருவிப் பையை அவன் திறக்கவே இல்லை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். மாடியிலிருந்து ஜெமிமா "மாமா, மாமா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் ஸ்கூட்டரைக் கிளப்பி, வந்த வழியே போனான். அன்று சாயங்காலம் விஜிலா கேட்டாள். மறுநாள் ஆலயத்தில், இரண்டு வருஷத்துக்குப் பிறகு மீண்டும் இவன் பக்கத்து வரிசையில் வந்து உட்கார்ந்த ஜெபசுதாவும் கேட்டாள். அதற்கு மேல் யாருக்கும் அவன் காரணம் சொல்லவில்லை.